மாலிப்டினம் எங்கிருந்து வந்தது? ராணிப்பேட்டைப் பட்டறை ஒன்றின் முதல் ராணுவ ஆர்டர்: நிகழ்வு ஆய்வு

பின்னணி

ராணிப்பேட்டை சிப்காட்டில் 32 பேர் வேலை பார்க்கும் ஓர் இயந்திரப் பட்டறை. பெல் (பிஎச்இஎல்) ஆலையை நம்பி வளர்ந்த பட்டறைகள் பழைய வடாற்காட்டின் இந்தப் பகுதியில் நிறைய உண்டு. இதுவும் பல வருடம் பாய்லர் சார்ந்த பாகங்களையே கடைந்து கொடுத்த இடம். அந்த வேலை ஏறி இறங்கத் தொடங்கியதும் முதலாளி வேறு பக்கம் பார்க்க ஆரம்பித்தார்.

பாதுகாப்புத் துறை பக்கம் அவர் திரும்பியதில் ஆச்சரியம் இல்லை. 2019 ஜனவரியில் தொடங்கிய தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனைகள் சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி. வேலூரோ ராணிப்பேட்டையோ அதில் இல்லை. ஆனால் சென்னையிலிருந்து ஓசூருக்குப் போகும் லாரி எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. 2020 ஆகஸ்டில் வந்த, பாதுகாப்பு அமைச்சகத்தின் ஸ்ரிஜன் இணையதளத்தில், இறக்குமதியாகும் எந்தெந்தப் பாகங்களை உள்நாட்டில் செய்ய வேண்டும் என்ற பட்டியல் எல்லோர் கண்ணுக்கும் தெரிய ஆரம்பித்தது. 2021 அக்டோபர் 1 அன்று பழைய படைக்கலன் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு நிறுவனங்களாகப் பிரிந்தது. அவற்றில் கவச வாகனங்களுக்கான நிறுவனத்தின் தலைமையகம் ஆவடியில், காட்பாடியில் ரயில் ஏறினால் அரை நாளில் போய் வந்துவிடலாம்.

பட்டறைக்குக் கிடைத்த ஆர்டர் பெரியது அல்ல. டாங்கி போன்ற சங்கிலித் தட வண்டிகளைப் பிரித்துப் பழுது பார்த்து மேம்படுத்தும் ஓர் அரசு நிறுவனத்துக்கு, கட்டுப்பாட்டு இணைப்பில் வரும் ஒரு தண்டு: 200 எண்ணிக்கை, ஒன்று 6,500 ரூபாய், மொத்தம் 13 லட்சம். நிறுவனத்தின் பெயரையும் எந்த வண்டி என்பதையும் இங்கே சொல்லப் போவதில்லை. டெலிவரிக்கு 26 வாரம். முதலில் 5 சாம்பிள் கொடுத்து ஒப்புதல் வாங்கிய பிறகே மொத்த உற்பத்தி. தாமதமானால் வாரத்துக்கு 0.5 சதவீதம் அபராதம், உச்சம் 10 சதவீதம்.

மேம்படுத்தல் என்றால் செய்தித்தாளில் வருவது பெரிய கணக்கு. டி-72 டாங்கியின் 780 குதிரைத்திறன் எஞ்சினை மாற்றி 1000 குதிரைத்திறன் எஞ்சின் போட 2025 மார்ச்சில் 248 மில்லியன் டாலருக்கு ஒப்பந்தமானது நினைவிருக்கலாம். அதே வண்டிகளைப் பட்டறையில் பிரித்துப் போடும்போது தேய்ந்துபோன தண்டு, பின், புஷ் என்று நூற்றுக்கணக்கில் சில்லறைப் பாகங்கள் தேவைப்படும். சிறு பட்டறைக்கு வரும் வேலை அதுதான்.

எங்களை அழைத்தது

காட்பாடியில் எங்களுடையது, இப்படிப்பட்ட ஆர்டர்களில் பட்டறைகளுக்கு ஆலோசனை சொல்லும் இரண்டு பேர் அலுவலகம். ஒப்பந்தம், கால அட்டவணை, கடிதப் போக்குவரத்து என் பொறுப்பு. கூட்டாளி ராணுவத்தின் வண்டிகளையும் கருவிகளையும் பழுது பார்க்கும் ஈஎம்இ பிரிவில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் வீட்டுக்கொரு பட்டாளத்துக்காரர் என்று சொல்லுமளவுக்கு ஆட்கள் உண்டு; ஆனால் வண்டியின் கீழே படுத்துத் தண்டைக் கழற்றிப் பழகியவர் கிடைப்பது எளிதல்ல.

டெண்டரைப் பட்டறையே போட்டது. நாங்கள் உள்ளே போனது ஒன்பதாவது வாரம். அதற்கு முந்தைய வாரம் சாம்பிள்கள், உருக்காலை தரும் கலவைச் சான்றான மில் சர்டிபிகேட்டோடு போயிருந்தன. தர ஆய்வு அதிகாரியிடமிருந்து முதலாளிக்கு ஒரு போன்: "உங்க மில் சர்டிபிகேட்ல மாலிப்டினம் 0.22 சதவீதம்னு போட்டிருக்கு. டிராயிங்ல இருக்கிற உருக்குல மாலிப்டினமே கிடையாது. எங்கேருந்து வந்தது?"

முதலாளிக்குப் பதில் தெரியவில்லை. அன்று மாலையே எங்களைக் கூப்பிட்டார்.

முதல் வாரத்தில் கண்டது

டிராயிங் ரஷ்ய மூலத்திலிருந்து படியெடுத்தது. ஓரத்தில் ஆங்கில மொழிபெயர்ப்புத் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. உருக்கின் பெயர் "40எக்ஸ், கோஸ்ட் 4543". கோஸ்ட் என்பது ரஷ்யத் தரநிலை. இந்த எக்ஸ் உண்மையில் எக்ஸ் அல்ல. ரஷ்ய எழுத்தில் அதன் உச்சரிப்பு ஏறத்தாழ "ஹ". குரோமியத்தைக் குறிக்கும் எழுத்து. அதாவது சுமார் 0.40 சதவீதம் கார்பன், ஒரு சதவீதத்தை ஒட்டிக் குரோமியம் உள்ள உருக்கு. அவ்வளவுதான், வேறு கலப்பு இல்லை.

பட்டறையின் கொள்முதல் பையன் சென்னை இரும்புக் கடைக்குப் போன் போட்டு "40எக்ஸ் ரவுண்ட் பார் இருக்கா" என்று கேட்டிருக்கிறான். கடைக்காரர் "அதுக்கு ஈஎன்-19 தான் எல்லாரும் போடுறாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஈஎன்-19இலும் கார்பன் கிட்டத்தட்ட அதே அளவு, குரோமியமும் உண்டு, கூடவே மாலிப்டினம். பாய்லர் வேலையில் ஈஎன்-19 என்றால் நல்ல சரக்கு என்று பெயர். அதனால் யாரும் இரண்டாவது முறை யோசிக்கவில்லை.

சாம்பிள் ஐந்தோடு நிறுத்தியிருந்தால் பாதகமில்லை. விலை ஏறும் என்ற பயத்தில் 200 தண்டுக்கும் வேண்டிய 60 மில்லிமீட்டர் ரவுண்டு, சுமார் 1.4 டன், ஒரே தடவையில் வாங்கியாகிவிட்டது. இயந்திரம் சும்மா நிற்கிறதே என்று 38 தண்டுகளைக் கடைந்தும் வைத்திருந்தார்கள். சாம்பிள் ஒப்புதலுக்கு முன் மொத்த உற்பத்தி கூடாது என்று ஆர்டரின் நான்காம் பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தை முதலாளியிடம் காட்டியபோது அவர் அதை முதல் முறையாகப் படிப்பது போலத்தான் படித்தார்.

"இன்னா சார் இது, ஒசத்தி சரக்கு தானே போட்டிருக்கோம்? கம்மியாவா போட்டோம்?"

கேள்வி நியாயமானது. சுபேதார் பதில் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. ஒரு காகிதத்தில் இரண்டு தண்டு வரைந்தார். "முதலாளி, இன்னும் பதினஞ்சு வருசம் கழிச்சு ராஜஸ்தான்ல ஒருத்தன் இதைக் கழட்டுவான். அவன் கையில இருக்கிற புத்தகத்துல 40எக்ஸ்னு இருக்கும். அதை நம்பி சூடு காட்டுவான், அதை நம்பி ஜோடிப் பாகத்தை மாட்டுவான். உங்களுது ஒசத்தியா இருக்கிறது அவனுக்குத் தெரியாதே."

எடுத்த முடிவும் காரணமும்

முன்னால் மூன்று வழிகள் இருந்தன.

ஒன்று, விலக்கு கேட்பது. போட்ட உருக்கையே ஏற்கும்படி, மூல விவரக்குறிப்புகளுக்குப் பொறுப்பான ஏஎச்எஸ்பி அமைப்புக்கு எழுத வேண்டும். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். எத்தனை மாதம் ஆகும் என்று யாரும் உறுதி தர மாட்டார்கள். முதல் ஆர்டரிலேயே விலக்கு கேட்கும் பட்டறை என்ற பேர் வேறு.

இரண்டாவது வழி கடைக்காரரிடமிருந்தே வந்தது. "வேற ஹீட்டோட சர்டிபிகேட் தர்றேன், மாத்தி வெச்சுக்கோங்க." ஹீட் என்றால் உலையில் ஒரே தடவையில் உருக்கிய தொகுதி. அதைச் செய்வதாக இருந்தால் நாங்கள் அன்றே விலகிக்கொள்கிறோம் என்று சொன்னேன். பொய்ச் சான்று என்று தெரிந்தால் ஒரு ஆர்டர் மட்டும் போகாது, வியாபாரத் தொடர்பையே தடை செய்யும் அதிகாரம் அமைச்சகத்துக்கு உண்டு. முதலாளி அதைச் செய்யக்கூடியவரும் அல்ல. ஆனால் அன்று இரவு பத்து மணிக்கு, கையில் 1.4 டன் தவறான உருக்கோடு உட்கார்ந்திருந்தவருக்கு ஒரு நிமிடம் சபலம் தட்டியது. அதை அவரே பிறகு ஒத்துக்கொண்டார்.

மூன்றாவது, சரியான உருக்கில் முதலிலிருந்து செய்வது. இதைத்தான் எடுத்தோம். கணக்குப் போட்டதில் நஷ்டம் பயந்த அளவுக்கு இல்லை. கடையாத ரவுண்டு வேறு வேலைக்கு ஆகும். போனது 38 தண்டின் கூலியும் நாட்களும்தான். அந்த 38க்கும் சிவப்புப் பெயின்ட் அடித்துத் தனி ரேக்கில் பூட்டி வைத்தோம். நல்ல சரக்கோடு கலந்துவிட்டால் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது.

கூடவே இரண்டு கடிதங்கள். 40எக்ஸ்-க்கு இந்தியத் தரநிலையில் எந்த உருக்கு ஏற்கப்படும் என்று எழுத்தில் கேட்டது முதலாவது. ஒன்பது வேலை நாளில் பதில் வந்தது: 40சிஆர்4, பழைய பெயரில் 40சிஆர்1. இந்தக் கேள்வியை ஆர்டர் கைக்கு வந்த மறுநாள் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

இரண்டாவது கடிதம் டெலிவரி தேதியை 8 வாரம் நீட்டிக்கக் கேட்டது. பதினோராவது வாரத்திலேயே எழுதினோம். "இப்பவே எழுதினா தப்பை நாமே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகாதா" என்று முதலாளி தயங்கினார். கெடு முடிந்த பிறகு எழுதும் கடிதம் சாக்கு போலத் தெரியும், பதினைந்து வாரம் முன்னால் எழுதுவது திட்டம் போலத் தெரியும் என்பது என் அனுபவம். என்ன நடந்தது, என்ன செய்கிறோம், எந்த வாரத்தில் எது முடியும் என்று ஒரே பக்கத்தில் எழுதினோம். நீட்டிப்பு வந்தது, 8 அல்ல, 6 வாரம், அபராதம் போடும் உரிமையைத் தக்கவைத்துக்கொண்டு.

இதன் கூடவே ஒன்று: தேதி நகர்ந்தால் ஒப்பந்தப் பிணையாகக் கொடுத்த வங்கி உத்தரவாதத்தின் காலமும் நகர வேண்டும், கடமைகள் முடிந்து 60 நாள் வரை அது உயிரோடு இருக்க வேண்டும். சிறுதொழில் என்பதால் டெண்டர் முன்வைப்புத் தொகைக்கு விலக்கு கிடைத்தது. அதே விலக்கு ஒப்பந்தப் பிணைக்கும் உண்டு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். கிடையாது.

புள்ளி ஆறும் புள்ளி ஒன்பதும்

சரியான உருக்கு 60 மில்லிமீட்டரில் சில்லறையாகக் கிடைக்கவில்லை. 65தான் கிடைத்தது, கடைசலில் கூடுதல் நேரம். சரி என்று வாங்கினோம். இந்த முறை பட்டை இறங்கியதுமே ஒரு துண்டை வெட்டி, என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற சென்னை ஆய்வகத்துக்கு அனுப்பினோம். சான்றிதழில் இருந்ததும் துண்டில் இருந்ததும் ஒத்துப்போன பிறகே லேத்தில் ஏற்றினோம்.

அடுத்த புதிர் கடினத்தன்மை. மொழிபெயர்ப்புத் தாளில் "கடினம் 3.6 – 3.9" என்று மட்டும் இருந்தது. அலகு இல்லை. வெப்பப் பதனிடும் கடைக்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 36 முதல் 39 ராக்வெல்லாக (கடினத்தை அளக்கும் ஓர் அளவுகோல்) இருக்கும், புள்ளி தவறி விழுந்திருக்கும் என்றார். அப்படிச் செய்திருந்தால் தண்டு கண்ணாடி மாதிரி ஆகாவிட்டாலும், கேட்டதைவிட மிகக் கடினமாகியிருக்கும்.

சுபேதாருக்கு அது பார்த்த உடனே பிடிபட்டது. ரஷ்ய டிராயிங்குகளில் பிரினெல் (இன்னொரு கடின அளவுகோல்) எண்ணை எழுதாமல், பள்ளத்தின் விட்டத்தை எழுதும் வழக்கம் உண்டு. 10 மில்லிமீட்டர் குண்டை 3000 கிலோ பாரத்தில் அழுத்தினால் விழும் பள்ளம் 3.6 முதல் 3.9 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். பள்ளம் சிறியதென்றால் உருக்கு கடினம். பிரினெல் கணக்கில் 285 முதல் 241. ராக்வெல்லில் முப்பதுக்குக் கீழே.

860 டிகிரியில் சூடேற்றி எண்ணெயில் இறக்கி, 500 டிகிரியில் டெம்பரிங் (கடினத்தைத் தணிக்கும் மறுசூடு) செய்து வந்த முதல் தொகுதியைச் சோதித்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். கடுகு உருண்டை பதிந்த மாதிரி பளபளவென்று ஒரு குழி. சுபேதார் அளவுக்கோடு போட்ட சின்ன லென்ஸை அதன் மேல் வைத்து, ஒரு கண்ணை மூடிக் குனிந்து, ரொம்ப நேரம் நிமிரவில்லை. "மூணரை" என்றார். 302 பிரினெல், எல்லை தாண்டிவிட்டது. திரும்பவும் 540 டிகிரியில் டெம்பரிங். இரண்டாம் தடவை பள்ளங்கள் 3.7க்கும் 3.8க்கும் இடையில் விழுந்தன.

டிராயிங் திருத்த எண்

இது எங்கள் தவறு, அதனால் மறைக்காமல் சொல்கிறேன். உருக்கு, கடினம் என்று அலைந்ததில் டிராயிங்கின் திருத்த எண்ணைச் சரிபார்க்க நானும் மறந்தேன், சுபேதாரும் மறந்தார். ஆர்டரில் மூன்றாம் திருத்தம் என்று இருந்தது. பட்டறையில் ஓடிக்கொண்டிருந்த பிரதி இரண்டாம் திருத்தம். கண்டுபிடித்தது பட்டறையின் தரப் பிரிவில் இருக்கும் பாலிடெக்னிக் முடித்த ஒரு பெண். சாம்பிள் அறிக்கையில் எண்ணை நிரப்பும்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்.

மாறியிருந்தது ஸ்ப்லைன் (பல் வெட்டிய) முனையின் சரிவு மட்டும்: 1 மில்லிமீட்டரிலிருந்து 1.6. முடிந்திருந்த ஏழு தண்டுகளிலும் கூடுதலாகச் சீவினால் போதும். நான்கு நாள் போனது. திருத்தம் எதிர்ப்பக்கமாக இருந்திருந்தால் ஏழும் குப்பை.

பதினெட்டாவது வாரம் சாம்பிள் மறுபடி போனது. இருபதாவது வாரம் ஒப்புதல் வந்தது.

வேலூர் வெயிலும் எட்டு மைக்ரானும்

மொத்த உற்பத்தி கோடையில் விழுந்தது. 29ஆவது வாரம் முதல் லாட்டாக 100 தண்டுகளை ஆய்வுக்கு வைத்தோம். அதில் ஒன்பது நின்றுபோயின. எல்லாம் ஒரே குறை: கிரைண்டிங் செய்த 45 மில்லிமீட்டர் விட்டம், கீழ் எல்லைக்கு இரண்டு மூன்று மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவு. அனுமதி மொத்தமே 16 மைக்ரான், 44.984க்குக் கீழே போகக் கூடாது.

கிரைண்டிங் ஆள் சத்தியம் செய்தார், அளந்துதான் எடுத்தேன் என்று. அவர் பொய் சொல்லவில்லை. பட்டறைக்குள் தகரக் கூரையின் கீழே நாற்பது டிகிரி. மைக்ரோமீட்டரோ ஏசி அறையில் இருக்கும். அவர் அதை எடுத்து வந்து, இயந்திரத்திலிருந்து இறங்கிய தண்டை உடனே அளந்துவிட்டு, திரும்பக் கொண்டுபோய் வைத்துவிடுவார். உருக்கு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 11.5 மைக்ரான் வாக்கில் விரியும். 45 மில்லிமீட்டரில், பதினாறு டிகிரி வித்தியாசத்துக்கு எட்டு மைக்ரான். அவர் கையில் 44.990 காட்டிய தண்டு, ஏசி அறையில் ஆறிய பிறகு ஆய்வாளர் கையில் 44.982. பாய்லர் வேலையில் இந்த எட்டு மைக்ரானை யாரும் கேட்டதே இல்லை.

செய்த மாற்றம் எளிது. கடைசி அளவு எடுக்கும் முன், தண்டும் மைக்ரோமீட்டரும், அதைச் சரிபார்க்கும் மாஸ்டர் துண்டும் ஒரே அறையில் நான்கு மணி நேரம் கிடக்க வேண்டும். கிரைண்டிங் ஆளுக்கு அனுமதியின் மேல் பாதியை மட்டும் இலக்காகக் கொடுத்தோம். இரண்டாம் லாட்டில் ஒன்றும் நிற்கவில்லை.

விளைவு

முதல் லாட்டில் 91, 33ஆவது வாரம் மீதி 109. அபராதம் முதல் லாட்டுக்கு மூன்று வாரத்துக்கும் இரண்டாவதற்கு ஏழு வாரத்துக்கும் சேர்த்து ஏறத்தாழ 33,700 ரூபாய் பிடித்தம். சிறுதொழில் சட்டப்படி பணம் வர வேண்டிய கெடு, சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாள். 38ஆவது நாளில் வந்தது. வீணான கூலி, மறு டெம்பரிங், ஆய்வகக் கட்டணம், எங்கள் கட்டணம் எல்லாம் போக, பட்டறைக்கு மிஞ்சியது சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

அதே தண்டுக்கு அடுத்த டெண்டர் வந்தபோது முதலாளி உண்மைச் செலவைக் கணக்குப் போட்டு 7,900 ரூபாய் குறித்தார். ஆர்டர் வேறு யாருக்கோ போனது. எனக்கு அதில் வருத்தமில்லை. அவருக்குக் கொஞ்சம் இருந்தது.

அடுத்த முறை மாற்றுவது

டெண்டர் போடும் முன்பே எங்களைக் கூப்பிட்டிருக்க வேண்டும் என்று சொல்வது சுயநலமாகத் தெரியும். ஆனாலும் உண்மையான மாற்றம் அங்கேதான். விலை குறிப்பதற்கு முன் டிராயிங்கை ஒரு முழு நாள் உட்கார்ந்து படிக்க வேண்டும்: உருக்கு எது, அது இங்கே எந்த அளவில் கிடைக்கும், கடினத்துக்கு அலகு என்ன, திருத்த எண் எது. சந்தேகத்தை ஏலத்துக்கு முந்தைய விளக்கக் கேள்வியாகவே எழுதிக் கேட்டுவிடலாம், அதற்குக் காசு இல்லை.

26 வாரத்தில் சாம்பிள் ஒப்புதலுக்கு எத்தனை வாரம் என்று ஆர்டரிலேயே தனியாகப் பிரித்துக் கேட்டிருக்கலாம். ஒப்புதலுக்குக் காத்திருந்த நாட்களும் நம் கணக்கில்தான் ஓடின.

எங்கள் பக்கத்தில், திருத்த எண் சரிபார்ப்பு இப்போது முதல் நாள் வேலை. அதை நானோ சுபேதாரோ செய்வதில்லை, அந்தப் பெண்தான் செய்கிறார்.

போன மாதம் பட்டறைக்கு வேறு ஒரு பின்னுக்கான விசாரணை வந்தது. டிராயிங் வந்த அன்றே அந்தப் பெண் போன் செய்தார். "சார், இதுல 38எக்ஸ்சி-ன்னு போட்டிருக்கு. எக்ஸ் குரோமியம், தெரியும். இந்த சி கார்பனா?"

இல்லை, ரஷ்ய எழுத்தில் அது எஸ், சிலிக்கான் என்றேன்.

"அப்போ கடைக்கு இன்னும் போன் பண்ணல. லெட்டர் டைப் பண்ணிட்டு இருக்கேன், சாயந்திரம் பாத்து அனுப்புங்க சார்" என்றார்.